41 பேர், 60 மீட்டர் இடிபாடு: சில்க்யாரா மீட்பில் துறைகள் ஒன்றுசேர்ந்த விதம்

2023 நவம்பர் 12 முதல் 28 வரை உத்தராகண்டின் சில்க்யாராவில் நடந்த சுரங்கப்பாதை மீட்பைப் பற்றிய ஆய்வு இது. அந்த மீட்பு ஒரு வீர நிகழ்ச்சியாகவே பரவலாக நினைவில் இருக்கிறது. அதில் தவறில்லை, உள்ளே சிக்கிய 41 தொழிலாளர்களும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆனால் பேரிடர்ப் பணியில் இருப்பவர்களுக்கு அந்த 17 நாள்களில் வேறொரு பாடம் இருக்கிறது. முதல் ஆறு நாள் வேலை நடந்த விதமும் அதற்குப் பிறகு நடந்த விதமும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டை வைத்தே இதை எழுதுகிறேன். சிக்கியவர்கள், மீட்டவர்கள், அதிகாரிகள் எவருடைய பெயரையும் இங்கே தரவில்லை.

பின்னணி

உத்தரகாசி மாவட்டத்தில் யமுனோத்ரிக்குப் போகும் மலைச் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடிக்கொள்ளும். சில்க்யாராவையும் பர்கோட்டையும் சுரங்கப்பாதையால் இணைத்துவிட்டால் சுமார் 20 கி.மீ. மலைச்சுற்று மிச்சமாகும், எல்லாப் பருவத்திலும் போகலாம். நான்கு புனிதத் தலங்களை இணைக்கும் சார் தாம் சாலைத் திட்டத்தின் கீழ் சுமார் 4.5 கி.மீ. நீளத்துக்கு அந்தச் சுரங்கப்பாதையை இரு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்தார்கள். திட்டத்தின் உரிமை தேசிய நெடுஞ்சாலைகள் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகத்துடையது. வேலை ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்தது.

சம்பவத்தின்போது நடுவில் 480 மீட்டருக்குச் சற்று அதிகமான பாறை மட்டும் குடையப்படாமல் இருந்தது. அதனால் சில்க்யாரா பக்கத்திலிருந்து உள்ளே போனவருக்கு முன்னால் பாறைச் சுவர், பின்னால் வந்த வழி. அந்த ஒரு வழி அடைந்துபோனால் வேறு போக்கிடம் கிடையாது. 2018இல் மத்திய அமைச்சரவைக் குழு இத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, தப்பிக்கும் வழியுடன் கூடிய சுரங்கப்பாதை என்றே அதைக் குறிப்பிட்டிருந்தது. விபத்து நடந்த நாளில் அந்தத் தொழிலாளர்கள் பயன்படுத்தக்கூடிய தப்பும் வழி எதுவும் இல்லை. பின்னால் வரும் எல்லா முடிவுகளையும் இதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். தப்பும் வழி இருந்திருந்தால் பத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் அந்த மலையடிவாரத்தில் கூட வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

நவம்பர் 12: முதல் மணி நேரங்கள்

அன்று தீபாவளி. இரவு ஷிப்ட் முடியும் வேளை, அதிகாலை சுமார் 5.30 மணிக்கு, சில்க்யாரா வாயிலிலிருந்து 200 மீட்டருக்குச் சற்று உள்ளே மேற்கூரை சரிந்தது. ஏற்கெனவே குடைந்து முடித்து, மறுசீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்த பகுதி அது. சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு மண்ணும் பாறையும் இரும்புச் சட்டங்களும் கலந்து அடைத்துக்கொண்டன.

மூன்று விஷயங்கள் அதிர்ஷ்டவசமாகக் கூடிவந்தன. சரிவுக்கு அப்பால் சுமார் 2 கி.மீ. நீளமுள்ள, 8 மீட்டருக்கு மேல் உயரமான, உறுதியாகக் கட்டி முடித்த இடம் உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்தது. அங்கே மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. 4 அங்குலக் குழாய் ஒன்று இடிபாட்டுக்குள் நசுங்காமல் தப்பியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தாங்கள் உயிரோடு இருப்பதை வெளியே தெரிவித்ததாகத் தப்பியவர்கள் பின்னர் சொன்னார்கள். அதற்குப் பிறகு அதே குழாயில் ஆக்ஸிஜன் போனது, பொரி போனது, கொண்டைக்கடலையும் உலர்பழமும் போயின. வாக்கி-டாக்கியில் பேச்சும் கிடைத்தது.

மாநிலப் பேரிடர் மீட்புப் படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, காவல்துறை, தீயணைப்பு, மாவட்ட நிர்வாகம் என எல்லோரும் அன்றே வந்து சேர்ந்தார்கள். எத்தனை பேர் உள்ளே என்ற கேள்விக்கு 40 என்று பதில் வந்தது. அந்த எண் தவறு. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத்தான் பீகாரைச் சேர்ந்த இன்னொரு தொழிலாளியும் உள்ளே இருக்கிறார் என்று உறுதியாகி எண்ணிக்கை 41 ஆனது.

இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை. எத்தனை பேருக்கு உணவு, எத்தனை படுக்கை, எத்தனை ஆம்புலன்ஸ், எத்தனை குடும்பத்துக்குச் செய்தி என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. உள்ளே இருந்தவர்களோடு பேச்சுத் தொடர்பு இருந்தும் எண் ஒரு வாரம் தவறாகவே இருந்தது. வாயிலில் உள்ளே போவோர், வெளியே வருவோர் பதிவேடு சரியாக இருந்தால் முதல் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

நவம்பர் 12 முதல் 17 வரை: ஒன்று தோற்றபின் இன்னொன்று

முதலில் எடுத்த முடிவு, யாரும் எடுக்கக்கூடியதுதான்: விழுந்த மண்ணை அள்ளிப்போடுவது. எக்ஸ்கவேட்டர்கள் அள்ள அள்ள மேலேயிருந்து புதிய மண் இறங்கியது. ஷாட்கிரீட் (பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்) அடித்து மேற்பரப்பை இறுக்கிவிட்டு அள்ளிப் பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை. மலையின் உடைந்த பகுதியே இறங்கிக்கொண்டிருந்ததால், அள்ளுவது கூடுதல் சரிவை வரவழைக்கும் வேலையாகிவிட்டது.

அடுத்து, இடிபாட்டின் ஊடே ஆள் நுழையும் அளவுக்கு, 800, 900 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்துத் தள்ளிக்கொண்டே போவது என்று முடிவானது. அதற்கான ஆகர் இயந்திரம் நவம்பர் 14 அன்று பொருத்தப்பட்டது. திருகு போன்ற நீண்ட தண்டு மண்ணைக் கடைந்து வெளியே தள்ளும், பின்னாலேயே குழாய் முன்னேறும். கிடைத்த முதல் இயந்திரத்துக்குத் திறன் போதவில்லை, அது பழுதாகியும் போனது. மேலும் மண் சரிந்ததில் மீட்பாளர் சிலர் காயமடைந்தார்கள்.

15ஆம் தேதி வாயிலில் சக தொழிலாளர்கள் போராட்டம் நடத்தினார்கள். வேலை மெதுவாக நடக்கிறது, எங்கள் ஆட்களை வெளியே எடுங்கள் என்பது அவர்களின் குரல். உள்ளே இருப்பவர்களை அன்றாடம் அறிந்தவர்கள் அவர்கள். அந்தக் கோபத்தைச் சட்டம்-ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது சரியல்ல. என்ன முடிவு, ஏன் அந்த முடிவு என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை என்பதன் அறிகுறியாகவும் அதைப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆகர் இயந்திரம் டெல்லியிலிருந்து பாகம் பாகமாக விமானப்படையின் சி-130ஜே விமானங்களில் சின்யாலிசௌர் விமானத் தளத்துக்கு வந்து, லாரியில் மலையேறி, 16ஆம் தேதி வேலையைத் தொடங்கியது. 17ஆம் தேதி பிற்பகலில் சுமார் 22 மீட்டர் போயிருந்தபோது சுரங்கத்துக்குள் பெரிய வெடிப்பொலி கேட்டது. மேற்கூரை மறுபடியும் இறங்கலாம் என்ற அச்சத்தில் வேலை நிறுத்தப்பட்டது. மாற்றாக இந்தூரிலிருந்து இன்னொரு இயந்திரம் விமானத்தில் கிளம்பியது.

இந்த ஆறு நாளில் யாரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் வேலை வரிசையாகவே நடந்தது. ஒரு வழியை முயல்வது, அது தோற்றால் அடுத்ததைத் தேடுவது, அந்த அடுத்தது வந்து சேர இரண்டு நாள் காத்திருப்பது. சமவெளியில் நடந்த விபத்தென்றால் இது பெரிய இழப்பாகியிருக்காது. மலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பயணமே ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் வழி தோற்றது தெரிந்த பிறகு இரண்டாவது இயந்திரத்தை அழைத்தால், அந்தப் பயண நாள்கள் முழுக்க உள்ளே இருப்பவர்களின் கணக்கில் சேருகின்றன.

17ஆம் தேதி வேலையை நிறுத்தியது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் முட்டுக்கட்டை போடுகிறவர் சொன்னால் வடம் பிடித்த அத்தனை பேரும் நிற்க வேண்டும். அன்று எல்லோரும் நின்றார்கள். வெளியே கேட்ட விமர்சனத்துக்குப் பயந்து தொடர்ந்திருந்தால் மீட்பாளர்களும் சிக்கியிருக்கக்கூடும்.

நவம்பர் 18: ஐந்து வழிகள்

ஏழாம் நாள் பிரதமர் அலுவலகத்தைச் சேர்ந்தவர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் அடங்கிய குழு வந்தது. ஒரே வழியை நம்பாமல் ஐந்து வழிகளில் ஒரே நேரத்தில் வேலை நடக்க வேண்டும் என்று அன்று முடிவானது. ஒவ்வொரு வழியும் ஒரு குறிப்பிட்ட அமைப்பின் பெயரில் எழுதப்பட்டது.

சில்க்யாரா வாயிலிலிருந்து குழாய் தள்ளும் வேலை நெடுஞ்சாலைக் கழகத்திடமே இருந்தது. மலை உச்சியிலிருந்து நேர் கீழே, தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கு ஆள் இறங்கும் அகலத்தில் துளையிடுவது நீர்மின் நிறுவனமான எஸ்.ஜே.வி.என்.எல். பொறுப்பு. பர்கோட் பக்கம் மேலிருந்து துளையிடுவது ஓ.என்.ஜி.சி.யிடம் போனது, ஆழ்துளையில் அவர்களுக்கு இருக்கும் அனுபவத்தை வைத்து. பர்கோட் வாயிலிலிருந்து வெடிவைத்துச் சிறு சுரங்கம் குடைவது டெஹ்ரி நீர்மின் நிறுவனத்துக்கு. பக்கவாட்டில் ஒரு சிறு சுரங்கமும், மேலிருந்து உணவு இறக்க ஒரு சிறு துளையும் ரயில்வே கட்டுமான நிறுவனமான ரயில் விகாஸ் நிகாமுக்கு. மேலே ரிக் வண்டிகள், அதாவது துளையிடும் இயந்திரங்கள், ஏறப் பாதை இல்லை. மரங்களை வெட்டி அந்தப் பாதையை ஓரிரு நாளில் போட்டுக் கொடுத்தது எல்லைச் சாலைகள் அமைப்பு. 75 டன் எடையுள்ள கருவிகளை விமானத்தில் ஏற்ற முடியாதென்பதால் குஜராத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலில் கொண்டுவந்தார்கள்.

இந்த முடிவின் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை. ஐந்து அமைப்புகளை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஐந்து மடங்கு குழப்பம்தான் மிஞ்சும். எந்த வழிக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருந்ததும், நெடுஞ்சாலைக் கழகத்தின் நிர்வாக இயக்குநர் அங்கேயே தங்கி எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கப் பணிக்கப்பட்டதும், மாநில அரசின் சார்பில் தனியே ஒரு அதிகாரி நியமிக்கப்பட்டதும்தான் வேறுபாட்டை உண்டாக்கின. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட சம்பவ மறுமொழி அமைப்பு வழிகாட்டுதல்கள் சொல்வதும் இதைத்தான்: பல துறைகள் வந்தாலும் திட்டம் ஒன்று, கட்டளைச் சங்கிலி ஒன்று. வழிகாட்டுதல் கையில் இருந்தும் களத்தில் அது உருவாக ஏழாம் நாள் வரை ஆயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது, பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஐந்து வழிகளும் ஒன்றையொன்று பாதிக்கக்கூடியவை. மேலிருந்து துளையிடும்போது எழும் அதிர்வு, கீழே குழாய்க்குள் வேலை செய்கிறவர் தலைமேல் மண்ணை இறக்கலாம். பர்கோட் பக்கம் வைக்கும் வெடிக்கும் இதே கணக்கு. ஆகவே "ஒரே நேரத்தில்" என்பதன் பொருள், எல்லோரும் உடனே தோண்டத் தொடங்குவது அல்ல. எல்லோரும் ஆயத்தமாக இருப்பது, யார் எப்போது தொடங்குவது என்பதை ஒருவர் முடிவு செய்வது. உச்சியில் ரிக் பொருத்தப்பட்ட பிறகும் செங்குத்துத் துளை தொடங்காமல் காத்திருந்தது. பர்கோட் பக்கம் தூரம் அதிகம், வாரக்கணக்கில் ஆகும் என்பது தெரிந்தே 21ஆம் தேதி முதல் வெடி வைத்தார்கள். மற்ற எல்லாம் தோற்றால் அதுவாவது வளர்ந்திருக்கும் என்பதுதான் அதன் நியாயம்.

காத்திருக்கும் துறைக்கு அது கடினமான வேலை. கருவி வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, தொடங்கச் சொல்லவில்லை. அந்தப் பொறுமையைக் காத்த ரிக் குழுவினருக்கும் இந்த மீட்பில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

நவம்பர் 20, 21: 6 அங்குலக் குழாய்

20ஆம் தேதி 6 அங்குலக் குழாய் ஒன்று இடிபாட்டைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. மீட்பு வழியாக அது பயன்படாது. ஆனாலும் அந்த 17 நாளில் எடுத்த மிகச் சிறந்த முடிவு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

எட்டு நாள் பொரியிலும் கடலையிலும் இருந்தவர்களுக்கு அன்று சூடான கிச்சடி போனது. மறுநாள் அதிகாலை எண்டோஸ்கோப் கேமரா ஒன்றைக் குழாய்க்குள் விட்டார்கள். தலைக்கவசத்துடன் நிற்கும் அந்த முகங்களை நாடே முதன்முறையாகப் பார்த்தது. அதற்குப் பிறகு சோறும் சப்பாத்தியும் பழங்களும் மருந்தும் போயின, தொலைபேசி இணைப்பு போனது. மருத்துவர்களும் மனநல ஆலோசகர்களும் அன்றாடம் பேசினார்கள், குடும்பத்தினரும் பேசினார்கள். பொழுதுபோக்க விளையாட்டுப் பொருள்களும் அனுப்பப்பட்டன.

உயிர்காக்கும் வழியும் வெளியேற்றும் வழியும் தனித்தனி வேலைகள் என்று பிரித்ததால் கிடைத்த பலன் இது. உள்ளே இருப்பவர்கள் உண்டு உறங்கி நலமாக இருக்கிறார்கள் என்பது உறுதியானதும், வெளியேற்றும் குழுமீது இருந்த கடிகார நெருக்கடி தளர்ந்தது. ஆபத்தான குறுக்குவழிகளை முயல வேண்டியதில்லை என்றானது. ஏழு நாள் முன்னதாகவே இதைச் செய்திருக்க முடியுமா என்றால், கருவி கிடைத்த பிறகு முடிந்தது என்பதே பதில். முதல் நாளிலேயே அதைத் தனி வேலையாக ஒருவரிடம் ஒப்படைத்திருந்தால் கருவியைத் தேடும் வேலையும் அன்றே தொடங்கியிருக்கும்.

நவம்பர் 21 முதல் 26 வரை: சிக்கிய இரும்பு

மீட்பாளர்கள் நடமாடும் பகுதியைக் கான்கிரீட் பெட்டிகளால் கூரைபோல் காத்துக்கொண்டு ஆகர் வேலை மீண்டும் தொடங்கியது. 22ஆம் தேதி 45 மீட்டரை நெருங்கியதும் நம்பிக்கை உச்சிக்குப் போனது. ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. சின்யாலிசௌர் சுகாதார மையத்தில் 41 படுக்கைகள் தயாராயின. இன்றிரவே என்றார்கள் சிலர், நாளைக் காலை என்றார்கள் சிலர்.

கூரையைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டங்கள் இடிபாட்டுக்குள் புதைந்து கிடந்தன. ஆகர் அவற்றில் மோதியது. குழாய்க்குள் ஆள் நுழைந்து இரும்பை அறுத்தார், மீண்டும் ஓடியது, மீண்டும் மோதியது. இயந்திரம் நின்ற மேடை விரிசல் விட, அதைப் பலப்படுத்த நேரம் போனது. கடைசியில் சுமார் 47 மீட்டரில் ஆகர் தண்டே உடைந்து குழாய்க்குள் சிக்கிக்கொண்டது. பத்து மீட்டருக்கு மேல் திருகு இரும்பு உள்ளே கிடந்தது. மனிதர் வெளியே வரவேண்டிய வழியை இயந்திரமே அடைத்துவிட்டது.

அந்த வேளையில் ஐந்து வழித் திட்டம் தன் பயனைக் காட்டியது. ஆகர் இனி ஓடாது என்றானதும் காத்திருந்த ரிக் 26ஆம் தேதி உச்சியில் ஓடத் தொடங்கியது. 86 மீட்டர் போக வேண்டும், முதல் நாளிலேயே சுமார் 20 மீட்டர் இறங்கியது. அதே நேரத்தில் கீழே, ஹைதராபாத்திலிருந்து விமானத்தில் வந்த, இரும்பை உருக்கி அறுக்கும் பிளாஸ்மா கட்டர் கொண்டு உடைந்த தண்டைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். முதல் வாரத்தில் இப்படி ஓர் இயந்திரம் உடைந்திருந்தால் அடுத்ததற்காக மீண்டும் காத்திருக்க வேண்டியிருக்கும். இம்முறை அப்படி நீண்ட காத்திருப்பு இல்லை.

ஆனால் தேதிகளைச் சொன்னதில் பெரிய தவறு நடந்தது. வெவ்வேறு வாயிலிருந்து வெவ்வேறு கெடு வந்துகொண்டிருந்தது. கடுங்குளிரில் வாயிலில் நின்ற குடும்பத்தினர் ஒவ்வொரு கெடுவையும் நம்பி, ஒவ்வொன்றிலும் உடைந்தார்கள். களத்தில் இருந்த வெளிநாட்டுச் சுரங்க வல்லுநர் ஒருவர் கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்புவார்கள் என்று சொன்னபோது அது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. என் பார்வையில், அத்தனை அறிவிப்புகளிலும் பொறுப்போடு சொல்லப்பட்டது அதுதான். காலத்தைக் கட்டிப்போடாமல், உயிர் காக்கப்படும் என்பதற்கு மட்டும் அது உறுதி தந்தது.

நவம்பர் 27, 28: கடைசி 12 மீட்டர்

தண்டு முழுதும் அகற்றப்பட்டபின் மிச்சம் இருந்தது சுமார் 10 முதல் 12 மீட்டர். இயந்திரத்தை மறுபடியும் நம்புவதில்லை, கையால் தோண்டுவது என்று முடிவானது. ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் குழு அதற்காக வரவழைக்கப்பட்டிருந்தது. தோண்டும் வேலைக்கு வந்தவர்களோ டெல்லியையும் ஜான்சியையும் சேர்ந்த 12 தொழிலாளர்கள். சாலைகளுக்கு அடியில் கழிவுநீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் பதிப்பது அவர்களின் அன்றாடத் தொழில். குறுகிய வளைக்குள் ஊர்ந்து கையால் தோண்டுவதால் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் என்று செய்திகள் அவர்களை அழைத்தன. மேகாலயாவில் நிலக்கரிக்காக அந்த முறையில் சுரங்கம் தோண்டுவதை 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்திருந்தது. அந்தத் தடைக்கும் இந்த 12 பேரின் குழாய் வேலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை, திறமை மட்டும் ஒன்று.

800 மி.மீ. குழாய்க்குள் ஒருவர் முன்னால் கைக்கருவியால் மண்ணைக் கொத்துவார், இன்னொருவர் அள்ளுவார், மற்றவர் சிறு தள்ளுவண்டியில் இழுத்து வெளியேற்றுவார். இரும்பு குறுக்கிட்டால் அறுப்பார்கள். கொஞ்சம் இடம் கிடைத்ததும் பின்னாலிருந்து இயந்திரம் குழாயை அந்த அளவுக்குத் தள்ளும். 27ஆம் தேதி மாலை தொடங்கிய வேலை 28ஆம் தேதி மாலை சுமார் 7 மணிக்கு மறுபக்கத்தைத் தொட்டது. ஒரு நாளைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இந்த முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டியது: வல்லுநர்களும் ராணுவமும் பொதுத்துறை நிறுவனங்களும் கூடியிருந்த இடத்தில், இந்த வேலைக்கு ஏற்றவர் கூலித்தொழிலாளி என்று ஒப்புக்கொண்டு அவருக்கு வழிவிட்டார்கள். முதலில் நின்றவர் முன்னுரிமை கேட்கவில்லை. பல துறைகள் கூடும் இடங்களில் இது எவ்வளவு அரிது என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

விளைவு

தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் குழாய் வழியே உள்ளே போய், சக்கரம் பொருத்திய ஸ்ட்ரெச்சர்களில் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். இரவு 8 மணிக்குச் சற்று முன் முதல் தொழிலாளி வெளியே வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் 41 பேரும் வந்துவிட்டார்கள். ஜார்க்கண்டைச் சேர்ந்தவர்கள் 15 பேர். மற்றவர்கள் உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், உத்தராகண்ட், அசாம், இமாசலப் பிரதேச மாநிலத்தவர். சின்யாலிசௌரில் முதல் பரிசோதனை, மறுநாள் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ். எவருக்கும் பெரிய காயம் இல்லை. சுரங்கப்பாதையின் இரு முனைகளும் 2025 ஏப்ரலில் சந்தித்தன.

செங்குத்துத் துளை பாதி ஆழத்தில் நிறுத்தப்பட்டது. பர்கோட் பக்கச் சிறு சுரங்கம் சில மீட்டர்களே முன்னேறியிருந்தது. இவ்வளவு செலவும் வீணா என்று சிலர் அப்போது கேட்டார்கள். பயன்படாமல் போன மாற்று வழிகளின் செலவை நான் காப்பீட்டுத் தொகையாகவே கணக்கிடுவேன். கையால் தோண்டும்போது மீண்டும் ஒரு சரிவு நேர்ந்திருந்தால், 41 பேரின் நம்பிக்கையும் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அந்தத் துளையில்தான் இருந்திருக்கும்.

எது மாற வேண்டும்

பெரிய மாற்றம் நேரம் சார்ந்தது. ஏழாம் நாள் நடந்த கூட்டம் முதல் நாள் மாலையில் நடக்க வேண்டும். முதல் வழி வெற்றிபெறும் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது, மூன்றாவது வழிக்கான கருவிகள் பயணத்தில் இருக்க வேண்டும். தேவைப்படாவிட்டால் பாதி வழியில் திருப்பி அனுப்பலாம். இதற்குத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல. பயன்படாத கருவியை ஏன் வரவழைத்தாய் என்று பிறகு தணிக்கையில் கேட்பார்களே என்ற அச்சம். பேரிடர் காலத்தில் அப்படி வரவழைக்கும் அதிகாரியைக் காக்கும் ஆணை முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

உள்ளே இருப்பவர் எண்ணிக்கை ஒப்பந்த நிறுவனத்தின் வாய்மொழியை நம்பி இருக்கக் கூடாது. வாயிலில் ஆளுக்கொரு அடையாள வில்லை, உள்ளே போகும்போது மாட்டிவிட்டு வரும்போது எடுத்துக்கொள்வது என்ற பழைய முறையே போதும். நிலக்கரிச் சுரங்கங்களில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கும் பழக்கம் அது. குடையும் பகுதி வரை தப்பும் குழாய் கிடக்க வேண்டும், உணவுக்கும் காற்றுக்குமான குழாய் ஒன்று தனியே கிடக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் ஷிப்ட் தொடங்கக் கூடாது என்று திட்ட உரிமையாளரே நிறுத்திவைக்க வேண்டும்.

செய்தி சொல்வது ஒருவர் வேலை. தேதி சொல்லக் கூடாது. குடும்பத்தாருக்கும் சக தொழிலாளர்களுக்கும் பத்திரிகையாளருக்கு முன்னதாக, அவரவர் மொழியில், தினமும் குறித்த நேரத்தில் சொல்ல வேண்டும். எட்டு மாநிலத்தவர் உள்ளே இருந்த இடத்தில் மொழி ஒரு சாதாரண விவரம் அல்ல.

கடைசியாக, ஆள்களின் பட்டியல். பேரிடர்க் காலத்துக்கான கருவிகளையும் பயிற்சி பெற்றவர்களையும் மாவட்டவாரியாகப் பதிவுசெய்யும் தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. எக்ஸ்கவேட்டரும் கிரேனும் படகும் அதில் ஏறும். அந்த 12 பேரைப் போன்றவர்கள் ஏறமாட்டார்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் தங்கள் படகுகளோடு வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காத்த மீனவர்களும் அழைப்புப் பட்டியலிலிருந்து வந்தவர்கள் அல்லர், தாமாக வந்தவர்களும் ஊர் வழியே அழைக்கப்பட்டவர்களும்தான் மிகுதி. நம் மாவட்டங்களில் கிணறு வெட்டுகிறவர்கள், ஆழ்துளை ரிக் ஓட்டுகிறவர்கள், குழாய் பதிக்கிறவர்கள், கடலோரத்தில் படகு வைத்திருப்பவர்கள் யார் யார், இரவு 2 மணிக்கு அவர்களை எந்த எண்ணில் அழைப்பது, அவர்களுக்குக் கூலி எந்தத் தலைப்பில் கொடுப்பது, காயம்பட்டால் காப்பீடு யார் பொறுப்பு? பருவமழைக்கு முந்தைய ஆயத்தக் கூட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுதோறும் நடக்கிறது. அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் இந்த நான்கு கேள்விகளும் ஏற வேண்டும்.